கம்பைலர் தொகுப்பை ஒரே இடத்தில் கட்டி எல்லாருக்கும் கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைமானி, கொழுந்து வாட்டுமிடத்து ஈரப்பதமானி என்று ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் செய்துபார்க்கும் மலையக மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது கம்பைல் செய்யும், அதாவது எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும், இடத்தில்தான். 512 எம்பி நினைவகமுள்ள பலகையில் பெரிய சி++ நிரலைக் கம்பைல் செய்தால் நினைவகம் தீர்ந்து பாதியில் நின்றுவிடும். கணினியில் கிராஸ் கம்பைல், அதாவது பலகையின் செயலிக்கு ஏற்றபடி கம்பைல், செய்துதான் பலகைக்கு அனுப்ப வேண்டும்.

அதற்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகை தரும் கம்பைலரை அப்படியே நிறுவுவதும் உதவாது. உபுண்டு 22.04 இல் இருப்பது ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்) 2.35. பலகையில் டெபியன் 11 என்ற இன்னொரு லினக்ஸ் ஓடினால் அங்கே 2.31. நிரலைத் தொடக்கிவைக்கும் சார்புக்கே 2.34 இல் புதிய பதிப்பு எண் வந்துவிட்டதால், ஒரு சொல்லை அச்சிடும் நிரல்கூட ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று மறுத்துவிடும். முதல் தலைமுறை பை ஸீரோவில் வேறு சிக்கல். அதன் செயலி ஆர்ம் வி6 என்ற பழைய வகை. உபுண்டுவின் 32 பிட் கம்பைலரோ அடுத்த தலைமுறையான வி7 செயலிக்குரிய கட்டளைகளை எழுதுகிறது. விளைவு, செல்லாத கட்டளை என்று பொருள்படும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’. மாணவர் தன் நிரலில் பிழை தேடி நாட்களை வீணாக்குகிறார்.

பலகைக்கான லினக்ஸையும் எஸ்டிகேயையும் (கம்பைலரும் நூலகங்களும் அடங்கிய தொகுப்பு) பில்ட்ரூட் என்ற கருவியின் ஒரே கட்டுமானத்திலிருந்து எடுத்தால் இரண்டு சிக்கலும் எழாது. இதே வேலைக்கான யோக்டோவும் நல்லதுதான், ஆனால் 100 ஜிபிக்கு மேல் வட்டு இடம் கேட்கும். நம் கணினி வள நிலையங்களுக்கு பில்ட்ரூட் போதும். முதலில் பலகைக்குரிய டெஃப்கான்ஃபிக் என்ற தயார் அமைப்புக் கோப்பு. பிறகு மெனுகான்ஃபிக் என்ற தேர்வுப் பட்டியலில் லிப்ஜிபிஐஓடி (பலகையின் ஊசிகளை இயக்க), எஸ்கியூலைட் (தரவைச் சேமிக்க) போன்ற தேவையான நூலகங்கள். இங்கே விட்டுப்போனது எஸ்டிகேயிலும் இருக்காது. அடுத்து ‘மேக் சோர்ஸ்’ கட்டளை: மூலக்கோப்புகள் எல்லாம் இறங்கிவிடும், அதன்பின் இணையம் வேண்டாம். கட்டும் கட்டளையான ‘மேக்’ ஓடும்போது மின்சாரம் போனால் திரும்ப ‘மேக்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அறுபட்ட பொதியில் தடுமாறினால் அதை மட்டும் ‘டர்க்ளீன்’ செய்து (கட்டிய பாதியை அழித்து) மீண்டும் ‘மேக்’ கொடுத்தால் போதும். கடைசியில் ‘மேக் எஸ்டிகே’ எஸ்டிகே முழுவதையும் டார் என்ற ஒற்றைச் சுருக்கக் கோப்பாகத் தரும்.

இதைக் கட்டும் கணினியில் மாணவர்களிடம் உள்ளதிலேயே பழைய உபுண்டு இருக்கட்டும். எஸ்டிகேக்குள் இருக்கும் கம்பைலரும் கட்டிய கணினியின் ஜிலிப்சியை நம்பியே ஓடுகிறது, உபுண்டு 24.04 இல் கட்டியது 20.04 இல் ஓடாது.

பென் டிரைவில் டார் கோப்பை அப்படியே கொண்டுபோங்கள், அதிலேயே விரிக்க வேண்டாம். ஃபேட்32 வடிவத்தில் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) நிற்காது, எஸ்டிகேக்குள் பலகையின் நூலகங்கள் உள்ள சிஸ்ரூட் முழுக்க சிம்லிங்க்தான். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்போர் லினக்ஸின் ஹோம் கோப்புறையில் விரிக்க வேண்டும், சி டிரைவில் அல்ல. விரித்ததும் உள்ளே இருக்கும் ‘ரீலொகேட் எஸ்டிகே’ ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்ட வேண்டும். இதை மறந்தால் கருவிகள் பழைய கணினியின் பாதைகளையே தேடும்.

ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை கல்வி வலயங்களின் கணினி வள நிலையங்கள் பலகை வகைக்கு ஒன்றாக இப்படிக் கட்டி, மூலக்கோப்புகளோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துப் பாடசாலைகளுக்குப் பிரதி கொடுக்க முன்வர வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் டேட்டாவுக்குக் காசு கொடுத்து அதையே திரும்பத் திரும்ப இறக்கும் நிலை மாற வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்றுநர்கள்,
தலவாக்கலை.