கையொப்பம் போதாது, வழிகாட்டி வேண்டும்

பல்கலைக்கழக ஆராய்ச்சி நிர்வாகத்தினருக்கும் மூத்த பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் இளம் விரிவுரையாளர்களுக்கான வழிகாட்டித் திட்டப் படிவம் வந்திருக்கிறது. எனக்கு வழிகாட்டியாக ஒரு பொறியியல் பேராசிரியரைக் குறித்திருக்கிறீர்கள். பண்பான மனிதர், அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் நான் மலேசிய ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாற்றை ஆய்கிறேன். நாங்கள் இருவரும் கையொப்பமிட்டால் திட்டம் நிறைவேறியதாகப் பதிவாகிவிடும். அந்தக் கையொப்பத்தை இம்முறை நான் இடவில்லை. காரணத்தைச் சொல்லவே இம்மடல்.

நான் பிறந்து வளர்ந்த, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டே என் ஆய்வுக் களம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய காலத்தில், 1960இல், அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்து அதில் பங்கு வாங்கியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய முனைந்தேன். அன்று இருபது வயதில் இருந்தவர் இன்று எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். இந்த ஆய்வு காத்திருக்காது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த ஒரு பாட்டி பேச ஒப்புக்கொண்டிருந்தார். பங்குச் சீட்டைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் நான் ஒலிப்பதிவு செய்யக்கூடாது. விண்ணப்பித்தேன். 'முழுமையற்றது' என்று திரும்பி வந்தது. எது குறைகிறது என்று அலுவலகத்தில் கேட்டால், குழுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். குழு அடுத்த மாதம் கூடும். அதற்கடுத்த மாதம் மீண்டும் அதே சொல் வரும். கடைசியில் வேறொரு பல்கலைக்கழகத்து மூத்தவர் ஒருவர்தான் விளக்கினார்: ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதாது, தமிழிலும் வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பெருவிரல் ரேகைக்கும் சாட்சிக்கும் இடம் விட வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு. அனுமதிக் கடிதத்துடன் நான் போனபோது பாட்டிக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. மகன் சீட்டைக் காட்டினார். பங்கு வாங்கும்படி யார் சொன்னது, வீட்டில் யார் தடுத்தது, எதை விற்றுப் பணம் புரட்டினார் என்பதையெல்லாம் அந்தச் சீட்டு சொல்லாது.

அந்த ஐந்து நிமிடத்தை எங்கள் பல்கலைக்கழகத்தால் ஏன் தர இயலவில்லை?

தோட்டத்தில் புதிதாக வெட்டுக்கு வருபவருடன் பழகிய கை ஒன்று நிற்கும். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அதில் சீராக வெட்ட முடியாது. எங்களிடமோ உளியைத் தந்துவிட்டுப் பாலை மட்டும் எடை போடுகிறீர்கள். ஆண்டுதோறும் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெறும் கட்டுரைகள், மானியம், மாணவர் மேற்பார்வை என்று கேபிஐ எனப்படும் பணி இலக்கு மட்டும் தவறாமல் வருகிறது. எந்த ஆய்விதழ் நம்பகமானது என்று சொல்ல ஆளில்லாததால், பணம் கட்டி ஓர் இதழில் வெளியிட்டு, பிறகு அந்த இதழையே ஸ்கோபஸ் பட்டியலிலிருந்து நீக்கியதும் தலைகுனிந்து நிற்கும் இளையவர்களை நான் அறிவேன். உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் என்ற அடிப்படை ஆராய்ச்சி மானியத்தில் இளம் ஆய்வாளர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் வரைவை முன்கூட்டியே படித்துத் திருத்தித் தர எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? 'பரிந்துரைக்கப்படவில்லை' என்ற பதிலிலிருந்து ஒருவர் எதைக் கற்றுக்கொள்வார்?

1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தது நம் கோலாலம்பூரில். அத்தகைய நாட்டில் தோட்ட மக்களின் வரலாற்றை ஆய வருபவர் துணையின்றித் தடுமாறுவது எனக்கு ஆறாத வருத்தம்.

பேராசிரியர் பெருமக்களே, உங்கள் பணிச்சுமையை நான் அறியாதவள் அல்லள். இளையவரின் வரைவைப் படிக்கும் நேரம் உங்கள் பணிக்கணக்கில் ஏறுவதில்லை, பதவி உயர்விலும் சேர்வதில்லை. அதையும் மாற்றும்படி நிர்வாகத்தினரிடம் உங்கள் சார்பிலும் கேட்கிறேன்.

துறை அறிந்த வழிகாட்டியைத் தாருங்கள். இங்கே இல்லையென்றால் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்து வாருங்கள், ஓய்வுபெற்றவர்களைக் கேட்டுப்பாருங்கள். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தை எழுதி அனுப்புங்கள். அடுத்த மானியச் சுற்று திறப்பதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பட்டியலில் இன்னும் பேசக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர்