உயர்நிலை இரண்டு பாடத்தேர்வு: வரலாறு வேண்டுமா, வேண்டாமா?

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய விவரங்கள் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் ஆங்கிலத்தில் வந்திருக்கும்; அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பெற்றோர் சந்திப்பில் நம் தமிழ்ப் பெற்றோர் பலர் கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்: "ட்ரிபிள் சயின்ஸ் (இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும்) கிடைக்கும்போது எதற்கு சார் வரலாறும் இலக்கியமும்?"

நியாயமான கேள்விதான். வீட்டுக் கடனும் துணைப்பாடச் செலவும் இருக்கும் வீட்டில் "இதைப் படித்தால் என்ன வேலை?" என்று கேட்காமல் எப்படி இருக்க முடியும்? அதனால் பொதுவாகப் பேசாமல் ஒருவரைக் காட்டுகிறேன்.

பேராசிரியர் டான் டாய் யோங் வரலாறு படித்தவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) பாடம் நடத்தினார். அவர் ஆராய்ந்தது ஆங்கிலேயர் காலப் பஞ்சாபையும் அங்கிருந்து திரட்டப்பட்ட படையையும். பிறகு இந்தியப் பிரிவினையை. சிங்கப்பூரில் இது யாருக்குப் பயன்படும் என்று அன்று யாராவது கேட்டிருப்பார்கள், நிச்சயம்! ஆனால் அந்தப் படிப்புதான் அவரைத் தெற்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக்கியது. கலை, சமூக அறிவியல் புலத்தின் முதல்வராகவும் இருந்தார், சில காலம் நியமன நாடாளுமன்ற உறுப்பினராகவும். சிங்கப்பூரின் கதையை ஆங்கிலேயர் வந்த 1819இலிருந்து அல்லாமல் 700 ஆண்டுகளுக்கு முன்பிருந்து சொல்லும் நூலை எழுதியவர்களில் அவரும் ஒருவர். உங்கள் பிள்ளையின் வரலாற்றுப் பாடநூலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது, புரட்டிப் பாருங்கள்.

2017இல் அவர் யேல்-என்யுஎஸ் கல்லூரியின் தலைவரானார். லிபரல் ஆர்ட்ஸ் என்கிற பல்துறைக் கல்விக்காகவே 2013இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. அங்கே அறிவியல் படிக்க வந்தவரும் வால்மீகியின் இராமாயணத்தையும் ஹோமரின் ஒடிசியையும் படித்தாக வேண்டியிருந்தது; இலக்கியம் படிக்க வந்தவர் எண்களிடமிருந்து தப்ப முடிந்ததில்லை. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு.

சரி, அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்களே என்பீர்கள். உண்மைதான். அவர் தலைவராக இருந்தபோதே, 2021 ஆகஸ்டில், அந்த அறிவிப்பு வந்தது; கடைசி மாணவர்கள் 2025இல் பட்டம் பெற்றார்கள். அந்த முடிவு குறித்து எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் பல்துறைக் கல்வி அதோடு முடியவில்லை. என்யுஎஸ்ஸில் கலைப் புலத்துக்கும் அறிவியல் புலத்துக்கும் இப்போது பொதுப் பாடத்திட்டம் இருக்கிறது. வரலாறு எடுப்பவரும் தரவுகளைக் கையாளக் கற்கிறார், இயற்பியல் எடுப்பவரும் எழுதக் கற்கிறார்.

அப்புறம் அவர் போன இடம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2023 ஜனவரியில் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று படிக்கும் பெரியவர்கள் நிறைந்த இடம். தமிழ்மொழி, இலக்கியத்தில் பட்டம் பெறவும் அங்கே வழி உண்டு. பல்துறைக் கல்வி விடுதியில் தங்கிப் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரலாறு படித்தவர் எல்லாம் பல்கலைக்கழகத் தலைவர் ஆவதில்லை, தெரியும். இயற்பியலில் உயிரை விடும் பிள்ளையை இலக்கியத்துக்கு இழுக்கவும் நான் சொல்லவில்லை. வரலாற்றில் ஆர்வமும் நல்ல மதிப்பெண்ணும் உள்ள பிள்ளையிடம், "அது சோறு போடாது" என்று சொல்லிப் படிவத்தை நீங்களே நிரப்பாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஆண்டுதோறும் அப்படி நிரப்பப்பட்ட படிவங்கள் வருகின்றன. உயர்நிலை மூன்றின் பாதியில் பாடத்தை மாற்றக் கேட்டு அதே பெற்றோர் வருகிறார்கள். அப்போது எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை.

வரும் சனிக்கிழமை காலை வரலாறு, இலக்கியம், அறிவியல் ஆசிரியர்கள் பள்ளி நூலகத்தில் இருப்பார்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், கேள்விகளை அவர்களே கேட்கட்டும். தமிழ் இலக்கியம் எடுக்க விரும்புவோர் தமிழாசிரியரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். போதிய மாணவர்கள் சேர்ந்தால்தான் வகுப்பு தொடங்க முடியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்