மக்கும் பைகளுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். 2016இல் மொரீசியஸில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது மனதார ஏற்றவர்கள் நாங்கள். 2021இல் விதிகள் இறுகியபோதும் எங்கள் கோயிலில் யாரும் முணுமுணுக்கவில்லை. மார் ஷிக்கோஸ் குப்பைமேட்டைப் பார்த்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

ஆனால் இந்தத் தைப்பூசத்தன்று நடந்ததைக் கேளுங்கள். வீட்டில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்காக ஏழு கறிச் சாப்பாட்டை டப்பாக்களில் அடைத்து, மக்கும் பைகளில் போட்டுக் கொடுத்தோம். கணவருக்காக வாங்கிப்போன ஒரு பாட்டி படி இறங்குவதற்குள் கைப்பிடி அறுந்தது. கொதிக்கும் ரசம் காலில் கொட்டிக் கொப்பளித்துவிட்டது. "அவருக்கு வச்ச சோறு போச்சே" என்றுதான் அவர் அழுதார். பையில் மக்கும் என்ற முத்திரை பளிச்சென்று இருந்தது. எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு சூடு தாங்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

அதனால்தான் கேட்கிறோம்: வலுவைச் சோதித்துப் பார்க்காத பைக்கு, மக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அனுமதி தராதீர்கள்.

வலுவான மக்கும் பை முடியாத காரியம் இல்லை. மக்கும் பைகளில் சேரும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலிப் பொருள்) விறைப்பானது. பத்து சதவீதம் நீள்வதற்குள் முறிந்துவிடும், 60 டிகிரியை ஒட்டி இளகவும் தொடங்கும். அதனால் நன்றாக இழுபடும் பிபிஏடி என்ற இன்னொரு மக்கும் பாலிமரைச் சேர்க்கிறார்கள். இரண்டும் முழுதாகக் கலப்பதில்லை. ஒன்று மற்றொன்றுக்குள் சொட்டுச் சொட்டாக நிற்கும், இழுத்தால் அந்த எல்லையில் பிரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய நானோ துகள்கள் உதவுவது அங்கேதான். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள களிமண் தகடுகளோ சிலிக்காத் துகள்களோ எடையில் சில சதவீதம் சேர்ந்து, அந்த எல்லையில் போய் அமர்ந்தால், சொட்டுகள் ஒன்றுகூடிப் பெரிதாகாது. பை எளிதில் கிழியாது. அதே துகள்கள் சரியாகப் பரவாமல் கட்டிதட்டினால் விரிசலே அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே சேர்த்திருக்கிறோம் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்தால் போதாது. இழுத்துப் பார்க்க வேண்டும், சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். என்ன துகள், எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்குங்கள். பை மக்கியபின் அந்தத் துகள் நம் மண்ணில்தானே தங்கும்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. கரும்புச் சக்கையிலிருந்து, இதேபோல் பைக்கு வலுவூட்டும் நுண்ணிய தாவர நாரான நானோ செல்லுலோஸ் எடுக்கலாம் என்பது தெரிந்த விஷயம். எங்கள் முன்னோர் முதுகொடியக் கரும்பு வெட்டிய தீவு இது. சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறோம், சரி. அதில் ஒரு பங்கையாவது ரெடுயியில் உள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் கையில் கொடுத்து, நமக்கேற்ற பையைச் செய்து பார்க்கச் சொல்லக் கூடாதா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கோரிக்கை ஒன்றுதான்: எடையும் சூடும் தாங்குமா என்று சோதித்த பிறகே அனுமதி கொடுங்கள், அந்த அளவைப் பையிலேயே அச்சிடச் சொல்லுங்கள். இந்த ஆண்டுக்குள் செய்து தருமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கோயில் அன்னதானக் குழுவினர்