திரையை நம்பாதவர்

திருவிடைமருதூர்ப் பக்கம்,
புரட்டாசி

அன்புள்ள சேகர்,

குறுவை அறுத்தாகிவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதென்று நெல் இன்னும் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிறது. அந்தப் புலம்பலை நேரில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் புதுக் கேமராக்கள் வந்திருக்கின்றன. சோமாஸ்கந்தர் திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில்தானே இருக்கிறார். காவலைப் பலப்படுத்தினால் ஊருக்கே அழைத்து வரலாம் என்பது ஊராரின் கணக்கு. ஆள் நுழைந்தால் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துச் சைரன் ஒலிக்குமாம். மடைப்பள்ளி வௌவாலுக்கு ஒலித்தது. விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்த குருக்களுக்கும் ஒலித்தது. இப்போதெல்லாம் மெய்க்காவலர் அர்த்தசாமப் பூசை முடிந்ததும் சைரனை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆயுதம் எவ்வளவு தானியங்கியாக இருந்தாலும், கடைசியில் ஒரு மனிதர் ஒப்புதல் தந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அது ஒப்பவில்லை. 2003 மார்ச்சில் ஈராக் போரின்போது, தளத்துக்குத் திரும்பிய பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை வீழ்த்தியது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். எதிரியின் ஏவுகணை என்று வகைப்படுத்தியது கணினி, சுட்டவர்கள் மனிதர்கள்தான். முடிவெடுக்க அவர்களுக்கு இருந்தது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் திரையைச் சந்தேகிக்க யாருக்குத் துணிவு வரும்?

அந்தத் துணிவு 1983 செப்டம்பரில் சோவியத் அதிகாரி பெட்ரோவுக்கு வந்தது. ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் செயற்கைக்கோள் அமைப்பு அலறியது. போர் தொடுப்பவன் ஐந்தோடா நிறுத்துவான் என்று யோசித்தார்; தரை ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். உண்மையில் அது மேகத்தில் பட்டுத் தெறித்த வெயில். யோசிக்க அவருக்குச் சில நிமிடங்களாவது இருந்தன. வேகத்தையே பெருமையாகச் சொல்லி விற்கும் இன்றைய கருவிகள் அந்த நிமிடங்களைத்தான் முதலில் பறிக்கும்.

2023 டிசம்பரில் தானியங்கி ஆயுதங்களைப் பற்றி ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கில் நம் நாடும் ஒன்று. ஜெனீவாவில் பேச்சு நடக்கும்போது இன்னொரு மேடை எதற்கு என்பது தில்லியின் வாதம். வாதம் இருக்கட்டும், அந்தப் பட்டியலில் நம்மைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

நீ ரேடார் நிலையத்தில் வேலை பார்த்தவன். திரை ஒன்று சொல்ல, பணியில் இருப்பவர் மறுத்தால் அங்கே அவருக்கு என்ன நடக்கும்? மழுப்பாமல் எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணி