கேதைனியாயில் ஒரு தெரு

கவுனாஸ், லிதுவேனியா

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். முகூர்த்தத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு, டிக்கெட் போட வசதியாக இருக்கும். இங்கே ஒருவழியாகக் குளிர் விட்டது. நான் நலம்.

போன வாரம் கேதைனியாய் போயிருந்தேன். இங்கிருந்து வடக்கே 50 கிலோமீட்டர், நெவேஷிஸ் ஆற்றங்கரையில் பழைய ஊர். அங்கே ஒரு தெருவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். ரோடு போடுகிறவர்கள் இன்னும் வரவில்லை, முதலில் தொல்லியல்காரர்கள். பாதுகாக்கப்பட்ட பழைய நகரத்துக்குள் ஆய்வு செய்யாமல் தோண்டக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். நெடுஞ்சாலைத் துறையில் இத்தனை வருஷம் இருந்த நீ கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். கடைக்காரர்களும் புலம்பத்தான் செய்கிறார்கள். எனக்கோ அங்கிருந்து கிளம்பவே மனமில்லை.

வீடுகள் இருந்த இடத்தில் அஸ்திவாரம், நிலவறை என்று தோண்டித் தோண்டிப் பழைய மண்ணைக் கலைத்திருப்பார்கள். தெருவில் யாரும் வீடு கட்டுவதில்லையே! சேறானால் அதன்மேலேயே மணலைக் கொட்டிக் கல் பாவிவிடுவார்கள். குழாய்ப் பள்ளத்துக்குத் தப்பிய இடமெல்லாம் அடுக்கு கலையாமல் இருக்கிறது. குழியின் பக்கவாட்டில் பார்த்தேன்: மேலே தார், அப்புறம் மணல், உருண்டைக் கற்கள், ஏதோ தீ விபத்தின் கரிக்கோடு, அடியில் கறுத்த ஈரமண்ணில் குறுக்கே வரிசையாகக் கிடத்திய மரக்கட்டைகள். அதுதான் அந்தக் காலத்துத் தெருத்தளம். காற்றுப் படாததால் மக்கவில்லை, கோடரி வெட்டுகூடத் தெரிகிறது. காய்ந்தால் வெடித்துவிடும் என்று ஒரு பெண் தண்ணீர் தெளித்தபடியே இருந்தாள். கட்டையில் வளையங்கள் போதுமான அளவு இருந்தால் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாமாம்.

சல்லடையருகே நின்ற மாணவன் ஒரு செப்புக் காசைக் காட்டினான். விரல்நகம் அளவுதான். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைவீரன். போலந்தையும் லிதுவேனியாவையும் சேர்த்து ஆண்ட யான் கசிமிர் ராஜா, போரில் கஜானா காலியாகி, 1660-களில் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய காசு. அந்தப் போரில் இந்த ஊருக்கும் பங்குண்டு. ஊரின் பிரபு யோனுஷாஸ் ராத்விலா 1655 அக்டோபரில் போலந்தை உதறிவிட்டு ஸ்வீடனோடு ஒப்பந்தம் போட்டது இங்கேதான். அந்த வருஷக் கடைசி நாளில் செத்தும் போனான். அவன் சவப்பெட்டி இங்குள்ள சர்ச்சின் நிலவறையில் இருக்கிறது.

ராத்விலாக்கள் காலத்தில் லிதுவேனியர், ஜெர்மானியர், யூதர், ஸ்காட்லாந்து வியாபாரிகள் எல்லாரும் இங்கே வாழ்ந்தார்கள். 1941 ஆகஸ்ட் 28 அன்று ஒரே நாளில் 2,076 யூதர்களை நாஜிகளும் அவர்களின் உள்ளூர்க் கூட்டாளிகளும் சுட்டுக் கொன்றார்கள், அதில் 599 பேர் குழந்தைகள். உடைந்த சட்டி ஒன்று கிடைத்தால் எந்த வீட்டுச் சட்டி என்று கேட்கக்கூட ஆளில்லை. ஒவ்வொரு சட்டி ஓட்டுக்கும் எண் எழுதிப் பையில் போடுவதை வீண்வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாலை வேலை எவ்வளவு ஆழம் போகிறதோ அதுவரைதான் தோண்டுவார்களாம். மரத்தளத்துக்கு அடியில் இன்னொரு தளம் இருந்தாலும் தொடமாட்டார்கள். ஆசை அடங்கவில்லை என்றாலும் அதுதான் சரி. பின்னால் வருகிறவர்களிடம் இதைவிட நல்ல கருவிகள் இருக்கும்.

நீ பழைய ஊர்களில் ரோடு போட்டபோது குழிக்குள் எட்டிப் பார்க்க யாராவது வந்ததுண்டா? என்ன கிடைத்தது, எங்கே போனது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
சேகர்