வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ஊறவைத்த பார்லியும் செம்மறித் தயிரும்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் செம்மறி ஆடுகளுக்குப் பதப்படுத்திய பார்லி வைக்கிறோம் என்று சொன்னதிலிருந்து, "தானியத்தில் மருந்து கலக்கிறீர்களா, அது தயிரில் வருமா?" என்று பலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பூஞ்சைக்கொல்லி பூசிய விதை தானியம் வேறு. அதை எந்தக் கால்நடைக்கும் கொடுக்கக் கூடாது. நாங்கள் வைப்பது நீர்த்த லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்த பார்லி. தயிருக்குப் புளிப்பு தருவதும் இதே அமிலம்தான்.

எதற்கு இந்த மெனக்கெடல்? பார்லியின் மாவுச்சத்து ஆட்டின் அசையூண் வயிற்றில், அதாவது தீவனம் முதலில் போய் நொதிக்கும் பெரிய வயிற்றறையில், மிக வேகமாக நொதிக்கும். தானியம் போன்ற அடர்தீவனம் கூடிப் புல்லும் வைக்கோலும் குறைந்தால் அங்கே அமிலம் ஏறும்; நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சுணங்கிவிடும். பாலில் கொழுப்பு உருவாகத் தேவையான அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் அவற்றிடமிருந்துதான் வருகிறது. போதாததற்கு, அந்த நிலையில் உண்டாகும் சில கொழுப்பு அமிலங்கள் மடியில் கொழுப்பு உருவாவதையே தடுக்கும். ஊறவைத்தால் மாவுச்சத்து சற்று நிதானமாகச் செரிக்கும். எல்லாப் பக்குவமும் இப்படி இல்லை. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய மக்காச்சோளம் இன்னும் வேகமாக நொதிக்கும்.

சரி, தயிருக்கு வருவோம். செம்மறிப் பாலில் கொழுப்பு சுமார் 6 முதல் 7 சதவீதம், புரதம் 5 முதல் 6 சதவீதம். பால் பவுடர் சேர்க்காமலே தயிர் கெட்டியாக உறைவது அந்தப் புரதத்தால், வழவழப்பு கொழுப்பால். தீவனம் மாறினால் முதலில் ஆட்டம் காண்பது கொழுப்பு. புரதம் அவ்வளவு சுலபத்தில் அசையாது. அதனால் தீவனம் சரியில்லாத பாலும் உறையத்தான் செய்யும். ஆனால் வாயில் வைத்தால் வழவழப்பு இருக்காது, புளிப்பு தூக்கலாகத் தெரியும்.

கறவைக் காலத்தின் கடைசியில் பால் குறைந்து கொழுப்பும் புரதமும் ஏறும். அப்போது தயிர் இன்னும் கெட்டியானால் அந்தப் பெருமை பார்லியைச் சேராது! பாலை 85 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 43 டிகிரி வாக்கில் ஆறியதும் உறை ஊற்றுகிறோம். இதில் கோட்டை விட்டால் எந்தத் தீவனமும் காப்பாற்றாது, தயிர் நீர் விட்டுவிடும்.

பூஞ்சை பிடித்த தானியத்தை நாங்கள் ஊறவைப்பதில்லை, ஒதுக்கிவிடுகிறோம். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நச்சு உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் தயிராக்கினாலும் போகாது.

அப்புறம், ஆடு வளர்க்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒன்று: தானிய அளவை ஒரே நாளில் கூட்டாதீர்கள். மாட்டுக்கான கலப்புத் தீவனத்தைச் செம்மறிக்கு வைக்கவே வேண்டாம்; அதிலுள்ள தாமிரம் அவற்றுக்கு ஆகாது.