வேலையை விட்டுவிட்டேன், கேள்

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். நெட்டையன் மூலம் உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டேன். சின்னதாக ஒரு டிஜிட்டல் படத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியாயிற்று. நான், கேமராவுக்கு என் பழைய மாணவி, எடிட்டிங்குக்கு அவள் தம்பி. அவ்வளவுதான் கம்பெனி.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றுதானே கேட்கப்போகிறாய்? 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபோது, போட்டோ கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்கலாமாம் என்று விடிய விடியப் பேசி என்னைத் தூங்கவிடாதவன் நீ. இப்போது நல்லபிள்ளை ஆகிவிடாதே.

பிள்ளைகளை விட்டு வந்ததுதான் வலிக்கிறது. பதிவேடுகளை விட்டு வந்தது வலிக்கவே இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பறையில் கற்றதுதான் இங்கே சோறு போடப்போகிறது. ஓய்வுபெறும் ஒரு செவிலியரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தோம். இந்த வேலை ஏன் பிடித்தது என்று கேட்டேன். "சேவைதான் முக்கியம்" என்றார், மேடையில் பேசுகிற மாதிரி. நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை, கேமராவையும் நிறுத்தவில்லை. பையன்களிடம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்போமே, அப்படியே இருந்தேன். கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "லீவு நாளிலும் ராத்திரி மருந்து கொடுக்கிற நேரத்துக்கு முழிப்பு வந்துடுது" என்றார். படமே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

அதனால்தான் இப்போது ஒலி மேல் பைத்தியமாக இருக்கிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். மின்விசிறி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைக்கிறோம். காலர் மைக் புடவையில் உரசுகிறதா என்று ஹெட்போனில் கேட்கிறோம். பேட்டி முடிந்ததும் யாரும் மூச்சு விடாமல் 30 விநாடி அறையின் வெறும் சத்தத்தைப் பதிகிறோம். வெட்டி ஒட்டும் இடங்களில் அது இல்லாவிட்டால் காதுக்குப் பள்ளம் தெரியும்.

தொல்லைகளும் இருக்கின்றன. 4கே என்கிற மிகத் தெளிவான வீடியோப் பதிவு, விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். ஹார்ட் டிஸ்க்குக்கே காசு கரைகிறது. கேமராவை வாங்காமல் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரு வாடிக்கையாளர் "சின்னத் திருத்தம்" என்று சொல்லியே படத்தைப் பாதி மாற்றிவிட்டார், பணம் இன்னும் வரவில்லை. இனி எத்தனை திருத்தம், எப்போது முன்பணம் என்று எழுதி வாங்காமல் கேமராவைத் தொடுவதில்லை.

பயம் இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் சம்பளம் வராது என்பது புத்திக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னைக் கொஞ்சம் உலுக்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய அந்த லிஃப்ட் கதையை இன்னும் வைத்திருக்கிறாயா? இரண்டே பேர், ஒரே இடம், எங்களால் எடுக்க முடியும். இரண்டாம் பக்கத்து வசனத்தை மட்டும் நீயே குறைத்துவிடு, நான் குறைத்தால் சண்டைக்கு வருவாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். எடு.

உன் பழைய பெஞ்ச் தோழன்